வழக்குப் போட்டு மீட்ட பாதைகள்: லண்டனைச் சுற்றி ஓடிய நாட்குறிப்பு

சனி: புஷி பார்க்

ஓடுவதற்காக லண்டன் வந்திருக்கிறேன் என்றால் அக்காவே நம்பவில்லை. "அதுக்கு மெரினா பத்தலையா உனக்கு?" என்கிறாள். லண்டனின் தென்மேற்கில் நியூ மால்டனில் அவள் வீடு. அக்டோபர் குளிரில் காலை ஏழு மணிக்கே என்னைக் கிளப்பியவள் அவளுடைய மகள். கல்லூரியில் படிக்கிறாள், ஓட்டத்தில் என்னைவிட வெகு வேகம். "சித்தி, பார்கோடு எடுத்துக்கிட்டீங்களா? அது இல்லாம ஓடினா உங்க டைம் வராது."

பார்க்ரன் பற்றி இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை. உலகமெங்கும் நடக்கிற அந்த ஓட்டம் தொடங்கிய இடம் இந்தப் புஷி பார்க்தான். 2004 அக்டோபர் 2 அன்று பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் நண்பர்களைக் கூட்டி இங்கே ஓடவிட்டார். அவருக்கு அப்போது அடிபட்டிருந்ததால் தான் ஓடாமல் நேரம் குறித்தார். அன்று வந்த ஓட்டக்காரர்கள் 13 பேர். இப்போது ஒரு சாதாரண சனிக்கிழமையிலேயே ஆயிரத்தைத் தாண்டுகிறது. டயானா நீரூற்றுப் பக்கம் புல்வெளியில் நின்றபோது எனக்கு முன்னால் முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன.

தரை சமதளம். புல், சரளை, கொஞ்சம் தார். கிறிஸ்டோபர் ரென் வகுத்த செஸ்ட்நட் மர வரிசை பாதையின் இரு பக்கமும் நீள்கிறது. பழுத்த இலைகள் ஷூவில் ஒட்டிக்கொள்கின்றன. மான்கள் எழுந்துகூடப் பார்க்கவில்லை. வாரா வாரம் இந்தக் கூத்தைப் பார்த்துப் பழகியவை போலும். முடித்ததும் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை தருகிறார்கள். அதையும் நம் பார்கோடையும் ஒரு தன்னார்வலர் ஸ்கேன் செய்வார். என் நேரத்தை இங்கே எழுதப்போவதில்லை.

ஓட்டம் முடிந்து காபி குடிக்க ஹாம்ப்டன் விக் வாசல் பக்கம் வந்தோம். அங்கே ஒரு நினைவுக்கல். டிமதி பென்னட், அந்த ஊரில் செருப்புத் தைத்தவர். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஹாலிஃபாக்ஸ் பிரபு, பூங்காவுக்குள் சென்ற நடைபாதையை அடைத்துவிட்டார். கிங்ஸ்டன் சந்தைக்குப் போகிற ஜனங்கள் தலைச்சுமையோடு மணல் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டி வந்தது. பென்னட்டுக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல். சேமித்து வைத்திருந்ததை எல்லாம் வழக்குக்கு வைக்கத் துணிந்து, பிரபுவுக்கே நோட்டீஸ் கொடுத்தார். செருப்புத் தைப்பவனுக்கு இவ்வளவு துணிச்சலா என்று கொதித்த பிரபு, பிறகு தோற்றுவிடுவோம் என்று தெரிந்து வழியைத் திறந்துவிட்டாராம். நான் பிறந்தபோது இருந்ததைவிட மோசமான உலகத்தை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை என்பது கிழவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம்.

அந்தப் பாதைக்கு இன்றும் காப்ளர்ஸ் வாக் என்றுதான் பெயர். காபி வயிற்றில் குலுங்கக் குலுங்க அதிலும் ஓடிவிட்டு வந்தேன்.

ஞாயிறு: ரிச்மண்ட் பார்க்

சத்தம்தான் முதலில் வந்தது. மாடு கத்துவதா, லாரி கியர் மாற்றுவதா என்று குழம்பி நின்றேன். செம்மான் கிடா. இது இணைசேரும் பருவம். கிடாக்கள் தொண்டை கிழியக் கத்தி, கொம்போடு கொம்பு முட்டிக்கொள்கின்றன. குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். என்னைக் கேட்டால் நூறு மீட்டர் என்பேன். செம்மான், புள்ளிமான் போன்ற ஃபாலோ மான் இரண்டும் சேர்த்து அறுநூற்றுச் சொச்சம் இருக்கின்றன. புதரைச் சுற்றி வளைந்தால் எதிரே கொம்பு நிற்கும்.

பூங்கா மொத்தம் 955 ஹெக்டேர். விளிம்பை ஒட்டியே சுற்றிவரும் டாம்சின் டிரெயில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். கிங்ஸ்டன் வாசலில் தொடங்கிக் கடிகார முள் சுற்றும் திசையில் போனோம். மேட்டில் ஏறி முடித்ததும் ஹென்றி மன்னர் மேடு என்ற குன்று. அங்கே ஒரு தொலைநோக்கி. செடிவேலியில் வெட்டிவைத்த ஓட்டை வழியாக 16 கிலோமீட்டருக்கு அப்பால் செயின்ட் பால் தேவாலயத்தின் கும்மட்டம் தெரிகிறது. அந்தப் பார்வைக் கோட்டை மறைத்துக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று விதியே இருக்கிறது.

நேற்றைய செருப்புக்காரர் மனதை விட்டுப் போகவில்லை. விசாரித்தால் இங்கேயும் ஓர் ஆள் இருந்திருக்கிறார். முதலாம் சார்லஸ் 1637-இல் ஊர்க்காரர்களின் பொது நிலங்களையும் சேர்த்து வளைத்து இந்தப் பூங்காவுக்குச் சுவர் எழுப்பினார். ஆனாலும் ஜனங்கள் உள்ளே நடக்க வழி விட்டிருந்தார். 1751-இல் பொறுப்புக்கு வந்த இளவரசி அமேலியா, தன் நண்பர்களைத் தவிர யாரும் வரக்கூடாது என்றாள். ஜான் லூயிஸ் என்ற பீர் காய்ச்சும் வியாபாரி ஒரு நாள் வாசலுக்கு வந்தார், காவல்காரி மார்த்தா கிரே கதவைச் சாத்தினாள், இவர் அவள்மேல் வழக்குப் போட்டார். 1758-இல் தீர்ப்பு லூயிஸ் பக்கம்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. கதவு வேண்டுமா, சுவர்மேல் ஏணி வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். ஏணி போதும் என்றார் லூயிஸ். கதவு என்றால் யாராவது பூட்டிவிடலாம். ஏணியைப் பூட்ட முடியாதே. இளவரசியின் ஆட்கள் ஏணியை வைத்தார்கள், ஆனால் படிகளுக்கு நடுவே வேண்டுமென்றே பெரிய இடைவெளி விட்டு. கிழவிகளும் குழந்தைகளும் ஏற முடியவில்லை. லூயிஸ் மறுபடி கோர்ட்டுக்குப் போய் அதையும் சரிசெய்ய வைத்தார். எதிராளியின் புத்தி எப்படிப் போகும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த மனிதர் வக்கீலாகாமல் ஏன் பீர் காய்ச்சினார் என்று தெரியவில்லை.

திங்கள்: விம்பிள்டன் காமன்

அக்கா வீட்டிலிருந்து நேரே ஓடியே போகலாம். நியூ மால்டனிலிருந்து பெவர்லி புரூக் என்ற ஓடையைப் பிடித்தால் அது விம்பிள்டன் காமன் என்ற திறந்தவெளி, ரிச்மண்ட் பார்க் வழியாகத் தேம்ஸ் வரை கொண்டுபோய் விடும். காமனுக்குள் நுழைந்ததும் கணுக்கால் வரை சேறு. ரோட்டு ஷூ வழுக்குகிறது. பிடிப்புள்ள டிரெயில் ஷூ இல்லாமல் வராதீர்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் மரங்களுக்கு நடுவே தென்பட்டால் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் ஆடுகிறவர்கள் இங்கே சிவப்பு மேல்சட்டை போட்டே ஆகவேண்டும்.

ஓட்டக்காரர்களுக்கு இது ஒருவகையில் தாய்மண். உலகத்தின் மிகப் பழைய கிராஸ் கன்ட்ரி கிளப்பான தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் 1868-இல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. துடுப்பு வலிக்கிறவர்கள் குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஆரம்பித்தது. இரண்டு பேர் முன்னால் ஓடிக் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே போவார்கள், மற்றவர்கள் அந்தத் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். பார்க்ரனின் இரண்டாவது கிளையும் 2007-இல் இதே காமனில்தான் முளைத்தது.

காமன் என்றதும் நம்மூர் மேய்க்கால் புறம்போக்கு நினைவுக்கு வரும். ஆனால் அது அரசு நிலம். இங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு, பெரும்பாலும் ஒரு பிரபு. சுற்றியிருந்த குடியானவர்களுக்கு அதில் மாடு மேய்க்க, விறகு வெட்ட, அடுப்பெரிக்கக் காய்ந்த சதுப்பு மண் எடுக்கப் பரம்பரை உரிமை. ரயில் வந்து லண்டன் வீங்கிய காலத்தில் அந்த நிலத்தின் விலை எகிறியது. பிரபுக்கள் உரிமைக்காரர்களுக்குக் கையில் கொஞ்சம் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு வேலி போடத் தொடங்கினார்கள். இங்கே 1864-இல் ஏர்ல் ஸ்பென்சர் ஒரு பகுதியை விற்றுவிட்டு மீதியை அடைத்துப் பூங்காவாக்கி, காற்றாலைக்குப் பக்கத்தில் தனக்கு மாளிகை கட்ட நினைத்தார். ஊரார் விடவில்லை. ஏழு வருட இழுபறிக்குப் பிறகு 1871-இல் தனிச் சட்டம் வந்தது. ஸ்பென்சர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,200 பவுண்டு. நிலம் பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் காப்பாளர்கள் கையில். முக்கால் மைலுக்குள் வீடு இருந்தால் பராமரிப்புக்கு இன்றும் வரி கட்டவேண்டும்.

1817-இல் கட்டிய அந்தக் காற்றாலை இன்றும் நிற்கிறது. பக்கத்தில் மாளிகை இல்லை. டீக்கடை இருக்கிறது.

செவ்வாய்: தேம்ஸ் கரை

கிங்ஸ்டனிலிருந்து ரிச்மண்ட் வரை, சுமார் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். குதிரைகள் படகு இழுத்துப்போன கரைப்பாதை என்பதால் மேடே கிடையாது. முந்தின நாள் சேற்றில் நோகடித்த முழங்காலுக்கு நல்லது.

டெடிங்டன் லாக் என்ற படகு மதகில் ஆறு குணம் மாறுகிறது. அதற்குக் கீழே கடலின் ஏற்ற இறக்கம் வந்துபோகும். ஆகவே ஓடுகிற நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் அலை அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்களில் ஹாம் ஹவுஸ் பக்கம் பாதைமேலேயே தண்ணீர் ஏறிவிடுகிறது. இன்று விளிம்பை மட்டும் தொட்டுவிட்டு இறங்கியது.

நடுவில் ஹாம் லாண்ட்ஸ் என்ற புதர்க்காடு. ஜல்லி தோண்டிய பள்ளங்களை, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த லண்டன் வீடுகளின் செங்கல், சுண்ணாம்பைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். இடத்துக்கு இடம் மண் வேறு என்பதால் முளைக்கிற செடிகளும் வேறு வேறு.

பீட்டர்ஷாம் புல்வெளியில் மாடுகள். ரிச்மண்ட் குன்றிலிருந்து பார்த்தால் தெரிகிற இந்தக் காட்சியைக் காக்கவே 1902-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. வழக்கு, சட்டம், சட்டம், வழக்கு! "சித்தி, நீங்க ஓட வந்தீங்களா, கோர்ட்டுக்கு வந்தீங்களா?" என்கிறாள் இவள். மீதி நாட்களின் திட்டத்தை அன்று இரவே மாற்றினோம். விண்ட்சருக்கு வெட்டு. எப்பிங்கும் பெர்க்கம்ஸ்டெட்டும் உள்ளே.

புதன்

ஓய்வு. கால்களில் உண்ணி கடித்திருக்கிறதா என்று அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். மான் திரிகிற புதரில் ஓடினால் தினமும் பார்க்கவேண்டிய காரியம் இது. லைம் நோய் உண்ணியால்தான் வருகிறது. ஒன்றும் இல்லை. ரசம் சாதம், தூக்கம்.

வியாழன்: எப்பிங் காடு

லண்டனின் எதிர்முனை. சென்ட்ரல் லைன் மெட்ரோ ரயிலில் போய் லவுட்டனில் இறங்கினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் காடு. விக்டோரியா ராணி 1882-இல் வந்தபோது வெட்டிய கிரீன் ரைட் என்ற அகலப் பாதையில் ஓடினோம். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்து மூச்சை வாங்குகிறது.

மரங்களைப் பார்த்தால் ஓட்டம் தானாக நின்றுவிடுகிறது. பீச், ஹார்ன்பீம். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வரை ஒற்றைத் தண்டு, அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு பெருங்கிளைகள் ராவணன் தலை மாதிரி. நூற்றாண்டுகளாக விறகுக்கு வெட்டிய தழும்பு அது. அடியோடு வெட்டினால் புதுத் துளிரை மாடும் மானும் தின்றுவிடும். அதனால் அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வெட்டுவார்கள். மறுபடி துளிர்க்கும், சில வருடம் கழித்து மறுபடி வெட்டலாம்.

லவுட்டன்காரர்களுக்கு நவம்பர் 11 நள்ளிரவு முதல் இப்படிக் கிளை வெட்டும் உரிமை இருந்தது. 1865-இல் நிலக்கிழாரும் பாதிரியாருமான மெய்ட்லாண்ட் காட்டை வளைத்தபோது, தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலித் தொழிலாளியின் குடும்பம் வழக்கம்போல் உள்ளே போய் வெட்டியது. அவர் மகனும் உறவுக்காரப் பையன்களும் சிறைக்குப் போனார்கள். லண்டனில் கூச்சல் கிளம்பியது. வழக்கு முடியும் முன்பே 1870-இல் வில்லிங்கேல் செத்துப்போனார்.

பிறகு வந்தது லண்டன் மாநகராட்சி. அதற்கு இங்கே என்ன வேலை? இடுகாடு கட்டுவதற்காக அது காட்டோரம் ஒரு பண்ணையை வாங்கியிருந்தது. அந்தப் பண்ணையோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பிணம் புதைக்க வாங்கிய நிலத்தின் மேய்ச்சல் உரிமையைக் காட்டி 1874-இல் வழக்கை வென்றார்கள். 1878 சட்டம் காட்டை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. இன்றும் அவர்கள் வசமே இருக்கிறது, சுமார் 2,400 ஹெக்டேர்.

கவனியுங்கள். இந்த ஊர்களில் ஓடவும் உலாவவும் உரிமை வேண்டும் என்று யாரும் ஜெயிக்கவில்லை. மாட்டுக்கு, விறகுக்கு, சந்தைக்குப் போகும் வழிக்கு என்றுதான் கோர்ட் ஏறினார்கள். காமன்களில் காலால் நடக்கும் உரிமையை நாடு முழுவதற்கும் பொதுவாக்கிய சட்டம் 2000-இல்தான் வந்தது. மேய்கிற மாடு அனேகமாகப் போய்விட்டது. அது வைத்திருந்த இடத்தில் நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

வில்லிங்கேல் எந்த உரிமைக்காகப் போராடினாரோ அந்தக் கிளை வெட்டும் உரிமையை அதே 1878 சட்டம் முடித்துவைத்தது. ஈடாகக் கிடைத்த பணத்தில் ஊரில் லாப்பிங் ஹால் என்ற கட்டடம் எழுந்தது. வெட்டுவது நின்றதால் கிளைகள் கனத்து, கீழே வெளிச்சமே விழாமல் தரை மொட்டையாகக் கிடக்கிறது. காடு ஜெயித்தது, விறகுவெட்டி ஜெயித்தாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளி: பெர்க்கம்ஸ்டெட், ஆஷ்ரிட்ஜ், கால்வாய்

இந்தப் பயணத்தின் சிறந்த ஓட்டம் இதுதான். காமன், காடு, நீர்க்கரை மூன்றும் ஒரே சுற்றில், 17, 18 கிலோமீட்டரில்.

யூஸ்டனிலிருந்து ரயில். ஸ்டேஷனை ஒட்டியே கோட்டையின் இடிபாடு. 1066-இல் வில்லியம் மன்னனிடம் ஆங்கிலேயப் பெருந்தலைகள் பணிந்தது இந்த ஊரில். அதைத் தாண்டி வயல் நடுவே ஒரே ஏற்றம். இந்த நாட்டில் பாதைகளுக்கு அம்புக்குறி வைத்திருக்கிறார்கள்: மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. விதைத்த வயலின் குறுக்கே மஞ்சள் அம்பு காட்டினால் தாராளமாக ஓடலாம், உழவர் அந்தக் கீற்றை விட்டுவைத்திருப்பார். ஏறி முடித்தால் காமன். பெரணி பழுப்பாகி மடிந்து கிடக்கிறது. நடுவே பிர்ச், ஓக். முதல் உலகப் போருக்குப் பயிற்சி எடுத்தவர்கள் வெட்டிய பதுங்குகுழிகளின் தடம் இன்னும் அலையலையாகத் தெரிகிறது.

1866-க்கு வருகிறேன். ஆஷ்ரிட்ஜ் பண்ணையின் பிரவுன்லோ பிரபு இந்தக் காமனின் நடுப்பகுதியை இரும்பு வேலியால் அடைத்தார். காமன்களைக் காக்க அதற்கு முந்தின வருடம்தான் ஒரு சங்கம் உருவாகியிருந்தது. அகஸ்டஸ் ஸ்மித் என்ற உள்ளூர்ப் பெரிய மனிதர் அவர்களோடு சேர்ந்தார். வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பதற்குப் பதில் லண்டனில் 120 கூலியாட்களைப் பிடித்தார்கள். மார்ச் 6 இரவு யூஸ்டனிலிருந்து தனி ரயில். நள்ளிரவு தாண்டி ட்ரிங் ஸ்டேஷனில் இறங்கி, இருட்டில் நடந்து காமனுக்கு வந்து, கடப்பாரையால் வேலியைப் பெயர்த்து ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டார்கள். விடிந்ததும் ஊர் மொத்தமும், வண்டியிலும் நடந்தும், தங்கள் நிலத்தைப் பார்க்க வந்துவிட்டது. பிரபு வழக்குப் போட்டார், ஸ்மித் எதிர்வழக்குப் போட்டார். 1870-இல் ஸ்மித் வென்றார்.

இதை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே ஓட, பக்கத்தில் மூச்சே வாங்காமல் வந்தவள் ஃபோனில் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். இதே ஸ்மித் சில்லி தீவுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். அங்கே சாம்சன் என்ற சிறு தீவில் கடைசியாக இருந்த ஏழைக் குடும்பங்களை 1855-இல் வெளியேற்றினார், மான் பூங்கா அமைப்பதற்காக. "இவரும் அவங்களும் ஒண்ணுதானே, சித்தி?" ஒன்று இல்லை என்று வாதாடிப் பார்த்தேன். அடுத்த மேடு வந்துவிட்டது, அவள் முன்னால் போய்விட்டாள்.

ஆஷ்ரிட்ஜின் பீச் மரங்கள் இப்போது மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கின்றன. அடியில் வேறெதுவும் வளராததால் இலைமெத்தைமேல் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். ஆனால் வேர்கள் இலைக்குக் கீழே ஒளிந்திருக்கும், வேகத்தைக் குறையுங்கள். பிரிட்ஜ்வாட்டர் தூண் அருகில் டீ கிடைக்கிறது. கால்வாய் வெட்டியே பெரும் பணம் சேர்த்த பிரபுவுக்கு 1832-இல் எழுப்பிய தூண். அங்கிருந்து ஆல்ட்பரி கிராமத்துக்குச் செங்குத்தான இறக்கம், தொடை நடுங்கும். ஊர்க் குளத்தருகே குற்றவாளிகளின் காலை மாட்டிவைக்கும் பழைய மரக்கட்டை நிற்கிறது. இவள் காலை நுழைத்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து ட்ரிங் ஸ்டேஷன், ஸ்டேஷனைத் தாண்டினால் கிராண்ட் யூனியன் கால்வாய். இந்த இடம் கால்வாயின் உச்சி. லாக் என்பது இரண்டு கதவுகளுக்கு நடுவே தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேடேற்றும் தொட்டி. உச்சியைக் கடக்கிற படகு ஏறும்போதும் இறங்கும்போதும் தொட்டி தொட்டியாக நீர் இரு பக்கமும் இறங்கிப் போய்விடும். அதை ஈடுகட்டவே ட்ரிங் பக்கம் நீர்த்தேக்கங்கள் வெட்டினார்கள். கௌ ரோஸ்ட் லாக்கிலிருந்து கால்வாய் பெர்க்கம்ஸ்டெட்டை நோக்கிப் படிப்படியாக இறங்குகிறது, நாமும் கூடவே இறங்கலாம். களைத்த காலுக்கு இதைவிட நல்ல கடைசி ஏழு கிலோமீட்டர் கிடைக்காது. குறுகிய படகுகளின் புகைபோக்கியில் விறகுப் புகை. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் மார்னிங் சொல்கிறார்கள், மதியம் ஒரு மணிக்கும்.

ஓட நினைப்பவர்களுக்கு: பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 181-ஆம் எண் வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள், காட்டுக்குள் ஃபோனை மட்டும் நம்பவேண்டாம். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் வந்தால் ஆஷ்ரிட்ஜில் புளூபெல் பூத்துக் கிடக்கும், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். பாதியில் கால் மறுத்தால் ட்ரிங்கிலேயே ரயில் ஏறிவிடலாம். தண்ணீரை ஆல்ட்பரி கிராமக் கடையில் நிரப்பிக்கொள்ளுங்கள்.